முன்சில்லில் எவ்வளவு பாரம் நிற்க வேண்டும்? புல்வெட்டி பூட்டுவது பற்றிய வாசகர் கேள்விகள்

சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக விதைப்புக்கு இன்னும் சில கிழமைகளே இருக்கும் இந்த இடைவெளியில், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து எமக்கு வரும் கடிதங்களில் உழவைப் பற்றிய கேள்விகளைவிட வெட்டுவதைப் பற்றிய கேள்விகளே அதிகம். படுவான்கரையில் தரிசாகக் கிடந்த காணிகளில் வளர்ந்த பற்றையையும், வாகரை, கல்குடாப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களில் முழங்காலுக்கு மேல் நிற்கும் இலுக்கையும் கினிப்புல்லையும், மாடு வளர்ப்போர் வைத்திருக்கும் கோ 3 தீனிப்புல்லையும் வெட்டுவதற்கு இப்போது பலரும் உழவு இயந்திரத்திலேயே புல்வெட்டியைப் பூட்டுகிறார்கள். கத்தி கிடையாகச் சுழன்று வெட்டும் புல்வெட்டியையே இங்கே ஸ்லாஷர் என்கிறோம். கலப்பைக்குப் பழகிய கையோடு புல்வெட்டியையும் பூட்டிவிடலாம் என்று எண்ணுவதால்தான் பெரும்பாலான சிக்கல்கள் வருகின்றன. எனவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்களிடம் 47 குதிரைவலு உழவு இயந்திரம் ஒன்று உள்ளது. அண்மையில் ஆறடி ஸ்லாஷர் ஒன்றை வாங்கிப் பின்னால் பூட்டினோம். சமதரையில் வெட்டும்போது குறையொன்றும் இல்லை. ஆனால் ஸ்லாஷரைத் தூக்கிக்கொண்டு வரம்பில் ஏறினால் முன்சில்லுகள் தரையை விட்டு எழும்புகின்றன. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் இயந்திரம் திரும்புவதில்லை. ஒன்பது கொழுக் கலப்பையோடு இதே வரம்பில் பல வருடங்களாக ஏறி இறங்கியும் இப்படி நடந்ததில்லை. அரிசி ஆலையில் லொறிகளை நிறுக்கும் தராசில் நிறுத்துப் பார்த்தோம். இயந்திரம் தனியாக 1,860 கிலோ. அதில் முன்சில்லுகளில் நிற்பது மட்டும் 700 கிலோ. ஸ்லாஷர் 420 கிலோ. இந்த இயந்திரத்துக்கு இந்த ஸ்லாஷர் கூடுதலா? – விவசாயி ஒருவர், கொக்கட்டிச்சோலை.

பதில்: நிறுத்துப் பார்த்து எழுதியமைக்கு முதலில் என் நன்றி. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர்கூடத் தராசுக்குப் போவதில்லை. நீங்கள் போனதால் என்னால் ஊகத்தில் அல்லாமல் கணக்கில் பதில் சொல்ல முடிகிறது.

உழவு இயந்திரத்தின் பின்சில்லு அச்சை ஒரு தராசின் நடுமுள்ளாக எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இருப்பவை எல்லாம் முன்சில்லைக் கீழே அழுத்துகின்றன. பின்னால் தொங்குபவை எல்லாம் முன்சில்லை மேலே தூக்குகின்றன. எவ்வளவு தூக்கும் என்பது பாரத்தை மட்டும் பொறுத்ததல்ல, அந்தப் பாரம் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதையும் பொறுத்தது. ஒன்பது கொழுக் கலப்பையின் பாரம் இணைப்புக் கைகளுக்குக் கிட்டவே திரண்டிருக்கிறது. ஆறடி ஸ்லாஷரோ பின்னோக்கி நீண்டது. அதன் பாரத்தின் மையம், கருவியைப் பூட்டும் இரண்டு கீழ்க்கைகளின் முனையில் இருக்கும் குண்டுகளிலிருந்து ஏறத்தாழ 1 மீற்றருக்கும் அப்பால் இருக்கும். பின்னச்சிலிருந்து குண்டுகள் வரை 0.8 மீற்றர், அங்கிருந்து ஸ்லாஷரின் மையம் வரை 1.1 மீற்றர் என்று வைத்தால் மொத்தம் 1.9 மீற்றர். உங்கள் இயந்திரத்தின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரமும் ஏறத்தாழ 1.9 மீற்றராகவே இருக்கும். நாடாவை வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டு தூரமும் சமமாக இருப்பதால் கணக்கு இலகுவாகிவிடுகிறது: 420 கிலோ ஸ்லாஷரைத் தூக்கியவுடன் முன்சில்லுகளிலிருந்து 420 கிலோ போய்விடுகிறது. 700 கிலோ நின்ற இடத்தில் 280 கிலோவே மிஞ்சுகிறது.

இந்த 280 போதுமா என்பதுதான் அடுத்த கேள்வி. பின்னால் கருவியைத் தூக்கிய நிலையிலும் இயந்திரத்தின் வெறும் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது நூற்றுக்கு 20 வீதமாவது, முன்சில்லுகளில் நிற்க வேண்டும் என்பது கருவி செய்வோர் தங்கள் கையேடுகளில் வழக்கமாக எழுதும் விதி. 1,860 கிலோவில் 20 வீதம் 372 கிலோ. உங்களுக்கு 92 கிலோ குறைகிறது. சமதரையிலேயே இந்தக் குறை இருக்கும்போது, ஒன்றரை அடி உயர வரம்பில் முன்சில்லுகள் ஏறியவுடன் இயந்திரம் 13 பாகைக்கு மேல் பின்னோக்கிச் சாய்கிறது. பாரம் இன்னும் பின்னுக்குப் போகிறது. அந்த நேரத்தில் சாரதி கிளச்சைச் சட்டென விட்டால் மீதியையும் என்ஜினின் இழுவை தூக்கிவிடும். ஆகவே ஸ்லாஷர் கூடுதல் என்று நான் சொல்லமாட்டேன், முன்பாரம் குறைவு.

எவ்வளவு முன்பாரம் வைப்பது? பாரத்தை முன்னச்சுக்கு நேர் மேலே வைத்தால் 92 கிலோ வேண்டும். இயந்திரத்தின் மூக்குப் பகுதியில், முன்னச்சிலிருந்து 0.6 மீற்றர் முன்னால் வைத்தால் 70 கிலோவே போதும். தூரம் நமக்காக உழைக்கிறது. நான் உங்களுக்கு 100 கிலோ வைக்கும்படி சொல்வேன். அப்போது ஸ்லாஷரைத் தூக்கிய நிலையில் முன்சில்லுகளில் ஏறத்தாழ 412 கிலோ நிற்கும், அதாவது 22 வீதம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. முன்பாரம் இல்லாமல் ஸ்லாஷரைத் தூக்கும்போது பின்சில்லுகள் ஸ்லாஷரின் 420 கிலோவை மட்டும் சுமப்பதில்லை; முன்னால் இருந்து வந்த 420 கிலோவையும் சேர்த்து 840 கிலோ மேலதிகமாகச் சுமக்கின்றன. முன்பாரம் வைத்தால் பின்னச்சின் சுமை கூடுவதற்குப் பதிலாகச் சற்றுக் குறைகிறது.

இயந்திரத்துக்கென்று செய்த வார்ப்பிரும்புப் பாரங்கள் கிடைத்தால் அவையே மேல். கிடைக்காவிட்டால் கொங்கிறீற்றில் வார்த்துக்கொள்ளலாம்: 70 சென்ரிமீற்றர் நீளம், 30 சென்ரிமீற்றர் அகலம், 20 சென்ரிமீற்றர் உயரம் கொண்ட கட்டி ஏறத்தாழ 100 கிலோ இருக்கும். வார்க்கும்போதே உள்ளே இரும்புக் கம்பியும் நான்கு நீண்ட போல்ட்டுகளும் வைத்து, இயந்திரத்தின் முன்வார்ப்பில் இதற்கென்றே இருக்கும் துளைகளில் இறுக்கிப் பூட்டுங்கள். மண் மூட்டையைப் பொனற்றின் மேல் கயிற்றால் கட்டி ஓடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வரம்பில் குலுங்கும்போது அது நழுவி முன்சில்லுக்குள் விழுந்தால், காப்பதற்காக வைத்த பாரமே கவிழ்த்துவிடும்.

கணக்குப் பார்க்க விரும்பாத வாசகர்களுக்கு ஒரு நேர்வழி உண்டு. ஆலைக்குப் போய் முன்சில்லுகளை மட்டும் தராசில் ஏற்றி, கருவியை முழு உயரத்துக்குத் தூக்கி, தராசு காட்டும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அது இயந்திரத்தின் வெறும் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் முன்பாரம் வேண்டும். இதற்குப் பதினைந்து நிமிடம்கூடப் பிடிக்காது.

இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் வெல்லாவெளிப் பக்கத்து வட்டையொன்றில், வாய்க்கால் கரையில் ஏறிக்கொண்டிருந்த ஓர் உழவு இயந்திரத்தின் முன்சில்லுகள் என் கண்ணெதிரே எழுந்தன. ஸ்லாஷர் முழு உயரத்தில் இருந்தது. ஆசனத்தில் இருந்தவன் இருபது வயதும் நிரம்பாத பையன். இடப்பக்க முன்சில்லு காற்றில் மெல்லச் சுழன்றதும், அதிலிருந்து ஈரச் சேறு துண்டு துண்டாக உதிர்ந்ததும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. அவன் கிளச்சை மிதித்தான், இயந்திரம் முன்னால் விழுந்தது, அவன் பிழைத்தான். பின்னோக்கிக் கவிழும் இயந்திரம் மீளமுடியாத நிலையைக் கடக்க ஒரு விநாடிகூட எடுப்பதில்லை. ஆகவே பாரம் வைத்த பின்னும் செங்குத்தான கரையில் ஏற வேண்டியிருந்தால் ஸ்லாஷரைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் தூக்கிக்கொண்டு பின்னோக்கியே ஏறுங்கள்.

கேள்வி: மேலுள்ள கடிதத்தில் வந்த அதே சந்தேகம் எனக்கும் உண்டு. இரண்டு கீழ்க்கைகளாலும் ஒரு மேற்கையாலும் கருவியைப் பூட்டும் மூன்று புள்ளி இணைப்பே இயந்திரம் கவிழாமல் காப்பதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் புல்வெட்டியோடு மட்டும் அது ஏன் காப்பதில்லை? – ஆசிரியர் ஒருவர், களுவாஞ்சிகுடி.

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1884 இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த ஹரி பெர்குசன் இந்த இணைப்பை உருவாக்கியது கலப்பையை மனதில் வைத்தே. கலப்பை மண்ணுக்குள் இழுபடும்போது மண் அதைத் தடுக்கிறது. அந்தத் தடுப்பு கலப்பையின் மேற்பகுதியை முன்னோக்கிச் சாய்க்கிறது. நாம் டொப் லிங்க் என்று சொல்லும் மேற்கை அழுத்தப்பட்டு இயந்திரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. இயந்திரம் தலை தூக்க முயன்றால் அந்தத் தள்ளலே அதைக் கீழே அமர்த்துகிறது. 1938 இல் ஹென்றி போர்ட்டோடு அவர் கைகுலுக்கி, அடுத்த வருடம் சந்தைக்கு வந்த சிறிய இயந்திரம் அவ்வளவு வரவேற்புப் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று நம் வயல்களில் ஓடும் எல்லா நான்கு சில்லு இயந்திரங்களிலும் இருப்பது அந்த மூன்று புள்ளிகளே.

புல்வெட்டியின் நிலை வேறு. அதை மண் பிடித்து இழுப்பதில்லை. தூக்கியவுடன் அது வெறுமனே தொங்குகிறது. தொங்கும் பாரம் மேற்கையை அழுத்துவதில்லை, பின்னோக்கி இழுக்கிறது. கலப்பையோடு நம்மைக் காத்த அதே கை இப்போது முன்சில்லைத் தூக்கும் பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது. பெர்குசனின் அமைப்பில் குறை இல்லை. அது காப்பது மண்ணுக்குள் உழைக்கும் கருவியை மட்டுமே. தூக்கி நிறுத்திய கலப்பையும் தொங்கும் பாரம்தான் என்பதை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: நான் பதினெட்டுப் பால் மாடுகள் வளர்க்கும் பெண். தீனிப்புல் வெட்டுவதற்கு, இயந்திரத்தின் வலப்பக்கத்தில் நீட்டி நிற்கும் இரட்டை ட்ரம் மோவர் ஒன்றை வாங்கினோம். அதை உயர்த்தித் திருப்பும்போது இடப்பக்கப் பின்சில்லு வழுக்குகிறது; இயந்திரம் வலப்பக்கம் சாய்வதுபோல் இருக்கிறது. என் மகன் ஓட்டுவதற்கே அஞ்சுகிறான். என்ன செய்யலாம்? – வாசகி ஒருவர், அக்கரைப்பற்று.

பதில்: சகோதரி, உங்கள் மகனின் அச்சம் நியாயமானது. அவரை வற்புறுத்தாமல் இருந்ததும் சரி.

மேலே பின்னச்சைத் தராசின் முள்ளாக வைத்தோம். இங்கே வலப்பக்கப் பின்சில்லை முள்ளாக வையுங்கள். மோவர் அந்தச் சில்லுக்கு வெளியே தொங்குகிறது. அதனால் இடப்பக்கச் சில்லைத் தூக்கப் பார்க்கிறது. மோவரின் பாரம் 380 கிலோ என்றும், அதன் மையம் இயந்திரத்தின் நடுக்கோட்டிலிருந்து 1.1 மீற்றர் வலப்பக்கம் என்றும், இரண்டு பின்சில்லுகளின் நடுவிடைத் தூரம் 1.4 மீற்றர் என்றும் கொள்வோம். மோவரை உயர்த்தியவுடன் அதன் பாரத்தால் மட்டும் இடப்பக்கச் சில்லு ஏறத்தாழ 109 கிலோவை இழக்கிறது. வலப்பக்கச் சில்லு 489 கிலோவைப் பெறுகிறது. பாரம் குறைந்த சில்லு வழுக்கும், பாரம் ஏறிய டயர் நசிந்து சாய்வைக் கூட்டும்.

செலவில்லாத வழியை முதலில் செய்யுங்கள். பெரும்பாலான பின்சில்லுகளின் தகட்டையும் வளையத்தையும் மாற்றிப் பூட்டி இடைத்தூரத்தை 10 சென்ரிமீற்றர் படிகளில் கூட்டலாம். 1.4 மீற்றரை 1.7 மீற்றராக்கினால் இடப்பக்கச் சில்லின் இழப்பு 109 கிலோவிலிருந்து 56 கிலோவாகக் குறைகிறது, ஏறத்தாழ பாதி. டயரின் அம்புக்குறி வடிவப் பற்கள் முன்னிருந்தபடியே முன்னோக்கி இருக்க வேண்டும் என்பதைக் கராஜ்காரருக்கு நினைவூட்டுங்கள். சில்லுகளை மாற்றும்போது இதில்தான் பிழை விடுவார்கள். அதன் பிறகு இடப்பக்கச் சில்லில் 60 கிலோ அளவில் வார்ப்பிரும்புப் பாரத்தைப் பூட்டினால் இழப்பு ஈடாகிவிடும். டயருக்குள் நீர் நிரப்பிப் பாரம் ஏற்றுவதைவிட இரும்பையே நான் விரும்புவதற்குக் காரணம், மோவரைக் கழற்றும் நாளில் அதையும் கழற்றிவிடலாம். ஒருபக்க நீரோடு பெட்டி இழுத்து வீதியில் ஓடுவது நல்லதல்ல. இரண்டு பின்டயர்களின் காற்றும் சமமாக இருக்கிறதா என்று அளவுமானியால் பாருங்கள். சில்லை உதைத்துப் பார்ப்பது அளவாகாது.

ஓட்டும் முறையையும் மகனுக்குச் சொல்லுங்கள். வயல் மூலையில் திரும்பும்போது மோவரைத் தரையை விட்டு ஒரு முழம் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து வீதிக்கு வருமுன் அதைப் பின்பக்கம் மடித்துப் பூட்டு ஊசியைப் போட வேண்டும். சரிவான இடத்தில் வெட்ட நேர்ந்தால் மோவர் இருக்கும் பக்கம் மேட்டுப் பக்கமாக இருக்கும்படி போகச் சொல்லுங்கள்.

கேள்வி: எனது தென்னந்தோட்டத்தில் ஸ்லாஷர் வெட்டிய பின் பார்த்தால் படிக்கட்டுப் போல் ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நெட்டையாகவும் புல் நிற்கிறது. சில இடங்களில் கத்தி மணலையே சீவிவிடுகிறது. – வாகரை.

பதில்: மட்டம் பிழைத்திருக்கிறது. நெல் காயவைக்கும் சீமெந்துத் தளம் ஒன்றில் இயந்திரத்தை நிறுத்தி, என்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்லாஷரை வெட்டும் உயரத்தில் வைத்து, கீழே மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்த பின்பே அளக்கத் தொடங்குங்கள். மேல் தகட்டை அளக்காதீர்கள், அது நெளிந்திருக்கலாம். கத்தியின் நுனியையே அளக்க வேண்டும். கத்தியை ஒரு தடியால் வலப்பக்கம் திருப்பி நுனிக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து, பிறகு இடப்பக்கம் திருப்பி அளந்து, வேறுபாட்டை வலப்பக்கத் தூக்குக் கையில் இருக்கும் சுழற்றுப்பிடியால் சரிசெய்யுங்கள். அதன் பின் முன்னும் பின்னும் அளக்க வேண்டும். இங்கே சமமாக இருக்கக்கூடாது. முன்பக்க நுனி பின்பக்க நுனியைவிட ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். சமமாக இருந்தாலோ பின்பக்கம் தாழ்ந்திருந்தாலோ, முன்னால் ஒருமுறை வெட்டிய புல்லைக் கத்தி பின்னால் மறுபடியும் வெட்டுகிறது. என்ஜின் வீணாக உழைக்கிறது, டீசல் எரிகிறது.

மணலைச் சீவுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஹைட்ரோலிக் நெம்புகோலாக இருக்கும். உங்கள் இயந்திரத்தில் இரண்டு நெம்புகோல்கள் இருந்தால் ஒன்று உழவின் இழுவைக்கு ஏற்பக் கலப்பையைத் தானாக ஏற்றி இறக்குவது. மற்றது வைத்த உயரத்தில் கருவியை நிறுத்துவது. புல்வெட்டிக்கு இரண்டாவதையே பயன்படுத்த வேண்டும். உழவு முடிந்த கையோடு ஸ்லாஷரைப் பூட்டுபவர்கள் இதை மாற்ற மறந்துவிடுகிறார்கள். பின்னால் வால்சில்லு உள்ள ஸ்லாஷரானால், மேற்கை பூட்டும் இடத்தில் இருக்கும் அசையும் துண்டைக் கம்பி போட்டு இறுக்கிவிடாதீர்கள். அது அசைந்தால்தான் தரையின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வால்சில்லு ஸ்லாஷரைத் தாங்கிச் செல்லும். பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கும் சங்கிலிகளை மட்டும் நன்றாக இறுக்குங்கள். தென்னை மரங்களுக்கிடையே ஸ்லாஷர் ஊஞ்சலாடினால் மரத்தின் அடியைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

கேள்வி: புதிய ஸ்லாஷரோடு வந்த, என்ஜினின் சுழற்சியை அதற்குக் கொண்டுபோகும் பி.ரி.ஓ. தண்டு எங்கள் இயந்திரத்துக்கு நீளமாக இருக்கிறது. கடைக்காரர் அப்படியே பூட்டலாம் என்கிறார். எங்கள் சாரதி வெட்ட வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி? – சம்மாந்துறை.

பதில்: உங்கள் சாரதி சொல்வதே சரி, அவரை விட்டுவிடாதீர்கள். நீளமான தண்டு, ஸ்லாஷரைத் தூக்கும்போது இடமில்லாமல் முட்டி, இயந்திரத்தின் பின்பெட்டியில் இருக்கும் பேரிங்கையும் ஸ்லாஷரின் கியர் பொக்ஸையும் உடைக்கும். குறைவான நீளமோ ஓடும்போதே கழன்று சுழன்றடிக்கும். ஆகவே இரண்டு அளவு பார்க்க வேண்டும். ஸ்லாஷரை மெதுவாக ஏற்றி இறக்கி, தண்டின் இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று மிகக் கிட்ட வரும் உயரத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த நிலையிலும் உட்குழாயின் நுனிக்கு முன்னால் இரண்டரை சென்ரிமீற்றருக்குக் குறையாத வெற்றிடம் இருக்க வேண்டும். மிக நீளும் உயரத்தில் இரண்டு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று குழாயின் மூன்றில் ஒரு பங்கு நீளமாவது புகுந்திருக்க வேண்டும். வெட்டும்போது உட்குழாய், வெளிக்குழாய், அவற்றின் இரண்டு பிளாஸ்ரிக் காப்புக் குழாய்கள் ஆகிய நான்கிலும் ஒரே அளவை வெட்டி, பிசிறை அரத்தால் ராவி, துகளைத் துடைத்துக் கிரீஸ் பூசிச் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது இரு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கால்வட்டம் திரும்பிச் சேர்ந்தால் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் உதறும்.

காப்புக் குழாயை இடைஞ்சல் என்று கழற்றி எறியும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்பது சுற்று. சாரத்தின் நுனி ஒன்று சிக்கினால் கையை எடுக்க நேரம் இருக்காது. சாரம் கட்டியவர்களை ஓடும் தண்டுக்குப் பக்கத்தில் வரவே விடாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய இயந்திரம். ஸ்லாஷர் ஓடும்போது கிளச்சை முழுதாக மிதித்தாலும் இயந்திரம் நிற்காமல் இன்னும் சில அடி முன்னால் போகிறது. ஒருமுறை வேலியை உடைத்துவிட்டது. கிளச் தட்டை மாற்றியும் பயனில்லை. – நிந்தவூர்.

பதில்: கிளச்சில் பிழை இல்லை, அந்தச் செலவு வீண்செலவாகிவிட்டது. உங்கள் இயந்திரத்தில் ஒரே கட்டக் கிளச் இருக்க வேண்டும். அவ்வகையில் பி.ரி.ஓ.வும் சில்லுகளும் கிளச்சுக்குப் பின்னால் ஒன்றோடொன்று பல்லுக்குப் பல் பிணைந்திருக்கின்றன. கிளச்சை மிதித்தால் என்ஜின் விலகிவிடும், ஆனால் சுழன்றுகொண்டிருக்கும் கனத்த கத்தித் தட்டு தன் வேகத்தை இழக்கும் வரை பி.ரி.ஓ. வழியாகத் திரும்பிச் சில்லுகளை ஓட்டும். அதாவது சில விநாடிகளுக்கு ஸ்லாஷரே உங்கள் இயந்திரத்தின் என்ஜினாகிவிடுகிறது.

இதற்கு மருந்து ஓவர் ரன்னிங் கிளச் என்று விற்கும் சிறிய இணைப்பு. சைக்கிளின் பின்சில்லுப் பல்லுப்போல் ஒரு திசையில் மட்டும் பிடித்து மறுதிசையில் வழுகும். அதை பி.ரி.ஓ. முனையில் பூட்டித் தண்டை அதில் பூட்ட வேண்டும். அந்த இணைப்பு ஏறத்தாழ பத்து சென்ரிமீற்றர் நீளம் கூட்டும் என்பதால், சம்மாந்துறை வாசகருக்குச் சொன்ன நீள அளவை நீங்களும் மறுபடி பார்க்க வேண்டும். பூட்டும் வரை ஸ்லாஷரை வெளியே எடுக்காதீர்கள். வேலி உடைந்தது நல்வாய்ப்பு. அந்த இடத்தில் ஒரு பிள்ளை நின்றிருக்கலாம்.

கேள்வி: ஸ்லாஷர் சில நாட்களாகக் கடுமையாக அதிர்கிறது. ஆசனத்தில் இருக்கவே முடியவில்லை. ஒரு கத்தி கல்லில் பட்டு உடைந்ததால் அதை மட்டும் புதிதாக மாற்றினோம். – செங்கலடி.

பதில்: நோயும் காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. புதிய கத்தியையும் தேய்ந்த கத்தியையும் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். பல நூறு கிராம் வேறுபாடு இருக்கும். ஐந்தடி ஸ்லாஷரில் கத்தி நிமிடத்துக்கு 950 சுற்று ஓடுகிறது என்றால் அதன் நுனியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீற்றர். அந்த வேகத்தில் சில நூறு கிராம் வேறுபாடு கியர் பொக்ஸின் தண்டை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பக்கம் இழுக்கும். கத்திகளைச் சோடியாகவே மாற்ற வேண்டும். தீட்டும்போதும் இரண்டிலும் ஒரே அளவு தேய்த்து நிறுத்துப் பாருங்கள். சவரக் கத்திபோல் கூராக்க வேண்டாம். நுனியில் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு விடுங்கள், இல்லாவிட்டால் முதல் கல்லிலேயே பல் விழும். கத்தி தன் போல்ட்டில் தாராளமாக ஆடி மடங்க வேண்டும். கறள் பிடித்து இறுகியிருந்தால் அதுவும் அதிர்வுக்குக் காரணம்.

இன்னொன்று. பாதுகாப்புக்காக முறியும் போல்ட் அடிக்கடி முறிகிறது என்று அதற்குப் பதிலாகக் கடினமான போல்ட்டைப் போட்டிருப்பீர்களானால் உடனே கழற்றிவிடுங்கள். அது முறிவதற்காகவே செய்யப்பட்டது. அது முறியாவிட்டால் கியர் பல் முறியும். போல்ட்டின் விலையையும் கியர் பொக்ஸின் விலையையும் கடையில் கேட்டுப் பாருங்கள். வெட்டும்போது 100 மீற்றருக்குள் எவரும் நிற்கவும் கூடாது. அந்த வேகத்தில் கத்தியில் பட்ட கல் எந்தப் பக்கம் பறக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது.

கேள்வி: புல் வெட்டுவதற்காகப் பின்டயர்களில் நீர் நிரப்பினோம். பெரும்போகச் சேற்றுழவுக்கும் அப்படியே விடலாமா? எவ்வளவு நிரப்புவது சரி? – இறக்காமம்.

பதில்: சேற்றுழவுக்கு விட வேண்டாம். கேஜ் வீல் என்னும் இரும்புக் கூட்டுச் சில்லைப் பூட்டிச் சேற்றில் இறங்கும் இயந்திரம் எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பாரம் கூடினால் கீழ்மண் இறுகும், இயந்திரமும் புதையும். மேட்டு நிலத்தில் வெட்டும் காலத்துக்கு மட்டும் நிரப்புங்கள். டயரை முட்டுக்கொடுத்து உயர்த்தி, வால்வு உச்சியில் வரும்படி சில்லைத் திருப்பி, வால்வின் வழியே நீர் திரும்பி வழியும் வரை நிரப்பினால் டயரின் கொள்ளளவில் ஏறத்தாழ 75 வீதம் நிரம்பியிருக்கும்; மீதியில் காற்று அடிக்க வேண்டும். முழுவதும் நிரப்பினால் டயர் நெகிழ இடமில்லாமல் கல்லுப்போல் ஆகிவிடும். உழவுக்கு முன் சில்லை மறுபடி உயர்த்தி, வால்வைக் கீழே கொண்டுவந்து உள்ளூசியைக் கழற்றி வடிய விடுங்கள். அடியில் மிஞ்சும் ஓரிரு போத்தல் நீரால் பாதகம் இல்லை. உள்ளூசியைத் தொலைக்காமல் ஒரு பேணியில் போட்டு வையுங்கள்.